பிட்ஸ்பர்க் பைரேட்ஸ்: ஒரு பேஸ்பால் அணியின் காலண்டரில் எந்தத் தேதி பெரியது?

மூன்றுநதி எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். இந்தப் பகுதியில் கிரிக்கெட்டைத் தவிர வேறு எதையும் பேச மாட்டீர்களா என்று போன வாரம் கேட்டேன். "நீங்களே ஆரம்பிச்சு வைங்க" என்று என் தலையிலேயே கட்டிவிட்டார் மட்டுறுத்துநர். சரி, ஆரம்பிக்கிறேன்.

நான் இருப்பது பிட்ஸ்பர்க்கில். ஒரு காலத்தில் அமெரிக்காவுக்கே எஃகு உருக்கிக் கொடுத்த ஊர். இந்த ஊரின் பேஸ்பால் அணி பைரேட்ஸ், "பெரிய லீக்" என்று சொல்லப்படும் இரண்டில் ஒன்றான நேஷனல் லீகில் 1887-லிருந்து ஆடுகிறது. 1909, 1925, 1960, 1971, 1979 என ஐந்து முறை வேர்ல்டு சீரிஸ், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் வருடாந்திர இறுதித் தொடர், ஜெயித்திருக்கிறது. அதற்குப் பிறகு இன்றுவரை ஒன்றுகூட இல்லை. அதனால்தானோ என்னவோ, இந்த ஊர்க்காரர்கள் தேதிகளை வைத்தே வாழ்கிறார்கள்.

அக்டோபர் 13-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1903-ல் முதன்முதலாக நடந்த வேர்ல்டு சீரிஸில் பைரேட்ஸ் பாஸ்டனிடம் தோற்று முடித்தது இந்தத் தேதியில்தான். 1960-ல் நியூயார்க் யாங்கீஸை வீழ்த்திய அந்தப் பிரசித்தி பெற்ற ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி, வேலி தாண்டும் அடி) விழுந்ததும் அக்டோபர் 13. 1971-ல் வேர்ல்டு சீரிஸ் வரலாற்றிலேயே முதல் இரவு ஆட்டம் இங்கே திரீ ரிவர்ஸ் ஸ்டேடியத்தில் நடந்ததும் அக்டோபர் 13.

அடுத்து அக்டோபர் 17. 1971-ல் ஏழாவது ஆட்டத்தில் பால்டிமோரை பால்டிமோரிலேயே வைத்து 2-1 என்று ஜெயித்துக் கோப்பை வாங்கினார்கள். எட்டு வருஷம் கழித்து 1979-ல் அதே தேதி, அதே ஊர், அதே எதிரணி, அதே ஏழாவது ஆட்டம். இந்த முறை 4-1. கதையில் எழுதினால் எடிட்டர் அடித்துவிடுவார்.

என் கேள்வி இதுதான்: இந்த அணியின் வரலாற்றில் ஒரே ஒரு தேதியைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை வைப்பீர்கள்? காரணத்தோடு சொல்லுங்கள்.

---

நியூஜெர்சி நாதன் எழுதியது:

நான் யாங்கீஸ் ஆள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். என்னிடமே வந்து இதைக் கேட்கிறீர்களே! 1960 அக்டோபர் 13. வேறு பதில் கிடையாது. எங்களை அழவைத்த தேதி என்பதே அதற்குப் போதுமான சான்றிதழ்.

ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். அந்தத் தொடரில் யாங்கீஸ் எடுத்த மொத்த ரன் 55. பைரேட்ஸ் எடுத்தது 27. கோப்பை யாருக்கு? 27-க்கு. எங்கள் தரப்பில் இன்னும் ஆறாத புண் இது.

---

ஆஃப்ஸ்பின் அன்பு எழுதியது:

அண்ணே, இது எப்படி? இரண்டு மடங்கு ரன் எடுத்துட்டுத் தோத்தீங்களா? டக்வொர்த் லூயிஸ் மாதிரி ஏதாவதா? எனக்கு பேஸ்பால் ஒண்ணும் தெரியாது, கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்க.

---

மூன்றுநதி எழுதியது:

அன்பு, அப்படியெல்லாம் இல்லை. வேர்ல்டு சீரிஸ் ஏழு ஆட்டத் தொடர், முதலில் நாலு ஜெயிப்பவருக்குக் கோப்பை. ரன்களை மொத்தமாகக் கூட்டுவதில்லை. ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் மேல்பாதி வந்த அணி பேட்டிங், கீழ்ப்பாதி உள்ளூர் அணி; மூன்று அவுட் ஆனால் பாதி முடிந்தது. அடித்தவர் மூன்று பேஸ்களைச் சுற்றி ஹோம் பிளேட்டுக்குத் திரும்பினால் ஒரு ரன். யாங்கீஸ் ஜெயித்த மூன்று ஆட்டங்களும் 16-3, 10-0, 12-0. அடித்துத் துவைத்துவிட்டார்கள். பைரேட்ஸ் ஜெயித்தவை 6-4, 3-2, 5-2. ஆக மூன்றுக்கு மூன்று. ஏழாவது ஆட்டம் எங்கள் ஃபோர்ப்ஸ் ஃபீல்டில், 1960 அக்டோபர் 13, வியாழக்கிழமை மதியம்.

இரண்டு இன்னிங்ஸ் முடிவில் பைரேட்ஸ் 4-0. எட்டாவது இன்னிங்ஸ் பாதியில் பார்த்தால் யாங்கீஸ் 7-4. அப்போதுதான் அந்தக் கூத்து நடந்தது. பில் விர்டன் தரையோடு அடித்த பந்து, டபுள் பிளே (ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட்) ஆக வேண்டியது, தரையில் ஏதோ பட்டு எகிறி இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு நடுவே நிற்கும் யாங்கீஸ் ஷார்ட்ஸ்டாப் டோனி குபெக்கின் தொண்டையில் அடித்தது. அவர் சுருண்டு விழுந்தார், ஆட்டத்தை விட்டே போக வேண்டியதாயிற்று. அடுத்து எங்கள் ராபர்ட்டோ கிளமென்டே முதல் பேஸ் பக்கம் மெதுவாக உருட்டிவிட்ட ஒரு பந்து. பேஸை மூட ஆள் வரவில்லை, ஓடியே தப்பித்தார். அப்புறம் ஹால் ஸ்மித் என்ற கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) இரண்டு அவுட் ஆன நிலையில் மூன்று ரன் ஹோம் ரன் (பேஸில் நின்ற இரண்டு பேரும் சேர்த்து) அடித்தார். 9-7. அன்றைய கதாநாயகன் ஸ்மித்தாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒன்பதாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் இரண்டு ரன் எடுத்துச் சமன் செய்துவிட்டார்கள். ஸ்மித்தை ஊர் மறந்தது அந்த இரண்டு ரன்னால்தான்.

9-9. ஒன்பதாவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதி. முதலில் வந்தவர் பில் மசரோஸ்கி, இரண்டாவது பேஸ் காவலர். ஃபீல்டிங்கில் புலி, பேட்டிங்கில் சுமார். ரால்ஃப் டெரி போட்ட முதல் பந்தை விட்டார், இரண்டாவதை அடித்தார். இடது பக்கம் நின்ற யோகி பெர்ரா கொஞ்சம் பின்னால் போய், அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். 10-9. வேர்ல்டு சீரிஸின் ஏழாவது ஆட்டம் ஒரு ஹோம் ரன்னோடு அப்படியே முடிந்தது அந்த ஒரே முறைதான், இன்றுவரை.

இரண்டு துணுக்குகள். அந்த முழு ஆட்டத்திலும் ஒரு ஸ்டிரைக்அவுட்கூட (பந்தை அடிக்காமலே மூன்று ஸ்டிரைக்கில் அவுட் ஆவது) இல்லை. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது தோற்ற யாங்கீஸின் பாபி ரிச்சர்ட்சனுக்குப் போனது, அதுவும் அந்த ஒரே முறைதான்.

---

திண்டுக்கல் தினா எழுதியது:

நாதன் அண்ணே, விருதாவது கிடைச்சதே, தேத்திக்கோங்க.

---

பழைய ரேடியோ எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் நான் கேட்கிறேன், அந்த ஹோம் ரன்னை அன்று மைதானத்தில் பார்த்தவர்கள் 36 ஆயிரம் சொச்சம் பேர். மிச்சப் பேர் எப்படி அறிந்தார்கள்? டிவி இருந்தது, ரேடியோவும் இருந்தது. பேஸ்பாலை ரேடியோவில் சொல்லலாம் என்று காட்டிய ஊரும் இதே பிட்ஸ்பர்க்தான்.

என் ஓட்டு 1921 ஆகஸ்ட் 5-க்கு. கேடிகேஏ நிலையம் அதற்கு முந்தைய நவம்பரில்தான் ஹார்டிங் ஜெயித்த அதிபர் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பிப் பெயர் வாங்கியிருந்தது. அங்கே வேலை பார்த்த ஹரால்ட் ஆர்லின் என்ற இருபத்தைந்து வயது இளைஞர், வெஸ்டிங்ஹவுஸ் ஊழியர், ஃபோர்ப்ஸ் ஃபீல்டில், பேட் பிடிப்பவர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் ஒரு சீட்டில் உட்கார்ந்துகொண்டு, டெலிபோன் ஒன்றை மாற்றி மைக்காக்கி, ஆட்டத்தை வாயால் வர்ணித்தார். பைரேட்ஸ் 8, ஃபிலடெல்ஃபியா 5. ஒரு பெரிய லீக் பேஸ்பால் ஆட்டம் ரேடியோவில் நேரடியாகப் போனது அதுவே முதல் முறை.

நான் சின்ன வயதில் டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டவைத்து டெஸ்ட் மேட்ச் வர்ணனை கேட்டு வளர்ந்தவன். பந்து எங்கே போனது என்று தெரியாத அந்த ஒரு விநாடி, கூட்டத்தின் இரைச்சல் மட்டும் கேட்கும் அந்த விநாடி, டிவியில் கிடையவே கிடையாது. ஒரு வெற்றியைவிட அந்த வழியைத் திறந்த நாள் பெரிது என்பது என் கட்சி.

---

மூன்றுநதி எழுதியது:

ஐயா, உங்கள் கட்சிக்கு நானே ஒரு சாட்சி கொண்டுவருகிறேன். ஃபோர்ப்ஸ் ஃபீல்டை இடித்துவிட்டார்கள். 1909 ஜூன் 30-ல் திறந்தது, 1970 ஜூன் 28-ல் கடைசி ஆட்டம். ஆனால் ஓக்லாந்து பகுதியில், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகக் கட்டடங்களுக்கு நடுவே, வெளிச்சுவரின் ஒரு பகுதி கொடிபடர்ந்து இன்னும் நிற்கிறது. ஹோம் பிளேட்டைப் பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றின் தரையில் கண்ணாடிக்கு அடியில் பதித்து வைத்திருக்கிறார்கள். மாணவர்கள் அதன் மேலேயே நடந்து வகுப்புக்குப் போகிறார்கள்.

ஒவ்வொரு அக்டோபர் 13-ம் தேதியும் அந்தச் சுவரடியில் ஜனங்கள் கூடுகிறார்கள். மடக்கு நாற்காலி, பழைய தொப்பி, கையில் ஹாட்டாக். 1960 ஆட்டத்தின் ரேடியோ வர்ணனையை முழுசாகப் போட்டுக் கேட்கிறார்கள். அன்று ஹோம் ரன் விழுந்த மூன்று முப்பத்தாறு மணிக்கே ஒலிப்பதிவிலும் விழுகிற மாதிரி நேரம் பார்த்து ஆரம்பிப்பார்கள். நானும் போயிருக்கிறேன். முடிவு எல்லோருக்கும் தெரியும், இருந்தும் ஒன்பதாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் சமன் செய்யும்போது பக்கத்திலிருந்த கிழவர் தலையில் கைவைத்துக்கொண்டார்!

இத்தனைக்கும் அந்த ஆட்டத்தின் முழு டிவி பதிவு யாரிடமும் இல்லை என்றே ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். பாடகர் பிங் கிராஸ்பிக்கு பைரேட்ஸில் பங்கு உண்டு. ஆட்டத்தைப் பார்த்தால் படபடப்பு தாங்காது என்று பாரிஸுக்குப் போய்விட்டார், ஆனால் டிவி ஒளிபரப்பைப் படம்பிடித்து வைக்க ஏற்பாடு செய்திருந்தார். அந்தச் சுருள்கள் 2009 டிசம்பரில் கலிஃபோர்னியாவில் அவர் வீட்டு ஒயின் அறையிலிருந்து கிடைத்தன.

---

கிருத்திகா_எஸ் எழுதியது:

எல்லோரும் அடித்த பந்தைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் ஒரு பேட்டிங் வரிசையைப் பற்றிச் சொல்கிறேன்.

1971 செப்டம்பர் 1, புதன்கிழமை இரவு, திரீ ரிவர்ஸ் ஸ்டேடியம், எதிரணி ஃபிலடெல்ஃபியா. மேனேஜர் டேனி மர்டா எழுதிக் கொடுத்த பட்டியல்: ஸ்டென்னெட், கிளைன்ஸ், கிளமென்டே, ஸ்டார்ஜெல், சாங்கியன், கேஷ், ஆலிவர், ஹெர்னாண்டஸ், பந்து போடும் பிட்சர் டாக் எல்லிஸ். ஒன்பது பேரும் கறுப்பர்கள். சிலர் அமெரிக்கர்கள், மற்றவர்கள் பனாமா, போர்ட்டோ ரிக்கோ, கியூபாவைச் சேர்ந்தவர்கள். பெரிய லீக் வரலாற்றில் வெள்ளைக்காரர் ஒருவர்கூட இல்லாமல் இறங்கிய முதல் ஒன்பது பேர் அவர்கள்தான்.

மைதானத்தில் இருந்தவர்கள் 11,278 பேர். மறுநாள் இந்த ஊர்ப் பத்திரிகைகளில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஏனென்றால் பத்திரிகையே கிடையாது, அச்சகத்தில் வேலைநிறுத்தம். ஆட்டக்காரர்களுக்கே ஓரிரு இன்னிங்ஸ் ஆன பிறகுதான் உறைத்ததாம். பெஞ்சில் உட்கார்ந்தபடி ஒருவர் இன்னொருவரைப் பார்த்து, என்னடா, எல்லாம் நம்ம ஆளுங்களா இருக்கோம் என்ற மாதிரி பேசிக்கொண்டார்கள். கேட்டதற்கு மர்டா, அன்றைக்குச் சிறந்த ஒன்பது பேரை இறக்கினேன், அவ்வளவுதான் என்ற தோரணையில் பதில் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

10-7 என்று ஜெயித்தார்கள். ஆறு வாரத்தில் அதே அணி வேர்ல்டு சீரிஸும் ஜெயித்தது. என் தேதி இதுதான்.

---

நியூஜெர்சி நாதன் எழுதியது:

கிருத்திகா, மதிக்கிறேன். ஆனால் ஒரு விவாதத்துக்காகச் சொல்கிறேன். மேனேஜர் யோசித்துச் செய்யவில்லை, ஆடியவர்களுக்கே தெரியவில்லை, பத்திரிகை எழுதவில்லை. அப்படியென்றால் அதைத் தற்செயல் என்றுதானே சொல்ல வேண்டும்? உண்மையில் கதவை உடைத்த தேதி 1947 ஏப்ரல் 15, நவீன காலத்துப் பெரிய லீகில் முதல் கறுப்பராக ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணிக்காக இறங்கிய நாள். அது பைரேட்ஸ் காலண்டரிலேயே இல்லை. சொல்லப்போனால் பைரேட்ஸ் தங்கள் முதல் கறுப்பு ஆட்டக்காரரை, கர்ட் ராபர்ட்ஸை, இறக்கியதே 1954 ஏப்ரல் 13-ல்தான். ஏழு வருஷம் லேட்.

---

கிருத்திகா_எஸ் எழுதியது:

நாதன் சார், யோசிக்காமல் செய்ய முடிந்தது என்பதுதானே விஷயமே! 1947-ல் ஒருவரை இறக்க ஒரு நிர்வாகமே வருஷக்கணக்கில் திட்டம் போட வேண்டியிருந்தது. 1971-ல் ஒன்பது பேர் இறங்குகிறார்கள், பேனா எடுத்து எழுதினவருக்கு அது ஒரு புதன்கிழமை. நடுவில் 24 வருஷம்.

லேட் என்று சொன்னீர்களே, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அந்த 1954-லேயே இன்னொரு தேதி இருக்கிறது: நவம்பர் 22. பைரேட்ஸ் அந்த வருஷம் கடைசி இடம். கடைசியில் வந்தவருக்குப் பிற அணிகள் பாதுகாத்து வைக்காத இளம் ஆட்டக்காரர்களிலிருந்து முதலில் பொறுக்கும் உரிமை உண்டு. புரூக்ளின் நிர்வாகம் போர்ட்டோ ரிக்கோ பையன் ஒருவனை மான்ட்ரியல் கிளை அணியில், அதிகம் ஆடவிடாமல், ஒளித்துவைத்திருந்தது. பைரேட்ஸுக்கு ஆள் தேடும் ஸ்கவுட் கிளைட் சூக்ஃபோர்த் அங்கே போனது வேறொரு பிட்சரைப் பார்க்க. பயிற்சியில் வலது மூலையிலிருந்து அந்தப் பையன் பந்தை எறிந்த வேகத்தைப் பார்த்தார். 4,000 டாலருக்கு வாங்கிவிட்டார்கள். பையன் பெயர் ராபர்ட்டோ கிளமென்டே.

வேடிக்கை என்னவென்றால், ராபின்சனைக் கூட்டிக்கொண்டு போய், அப்போது புரூக்ளின் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி முன்னால் நிறுத்தியவரும் இதே சூக்ஃபோர்த்தான். அந்த ரிக்கிதான் 1954-ல் பைரேட்ஸின் பொது மேலாளர். ஆக உங்கள் 1947-ம் என் 1971-ம் ஒரே கைகள் வழியாக வந்தவை.

---

பழைய ரேடியோ எழுதியது:

கிளமென்டே பற்றி இன்னும் எழுதுங்கள் அம்மா. அவர் பெயரை எடுத்துவிட்டு, பாதியில் நிறுத்தக் கூடாது.

---

கிருத்திகா_எஸ் எழுதியது:

எழுதாமல் இருப்பேனா ஐயா.

18 சீசன், எல்லாம் பைரேட்ஸுக்கே. வலது பக்கம் நின்று அவர் எறிகிற பந்துக்குப் பயந்து ஓடுகிறவர்கள் பேஸிலேயே நின்றுவிடுவார்கள். ஆனால் ஆரம்பத்தில் இந்த நாட்டுப் பத்திரிகைகள் அவர் பேசும் ஆங்கிலத்தைக் கொச்சையாகவே அச்சடித்துக் கேலி செய்தன. பேஸ்பால் அட்டைகளில் வருஷக்கணக்காக "பாப் கிளமென்டே" என்றே போட்டார்கள். என் பெயர் ராபர்ட்டோ என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

1971 வேர்ல்டு சீரிஸில் ஏழு ஆட்டத்திலும் ஹிட் (அடித்துவிட்டுப் பத்திரமாக பேஸ் சேர்வது) எடுத்தார், பேட்டிங் சராசரி .414, அதாவது நூறில் 41 முறை ஹிட், சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்குத்தான். அக்டோபர் 17 ஜெயித்த கையோடு டிவி மைக் வந்தது. ஆங்கிலத்தில் பதில் சொல்வதற்கு முன்னால் அனுமதி கேட்டுவிட்டு, ஸ்பானிஷில் ஊரிலிருக்கும் அப்பா அம்மாவிடம் ஆசீர்வாதம் கேட்டார். அமெரிக்கா முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த ஒளிபரப்பு அது.

அடுத்த வருஷம் 1972. சீசன் முடியப்போகிறது, அவருடைய ஹிட் கணக்கு 2,999. செப்டம்பர் 29-ல் அவர் அடித்த ஒரு பந்து ஃபீல்டரின் கையுறையில் பட்டு நழுவியது. கூட்டம் எழுந்து நின்றுவிட்டது. ஸ்கோரர் அதை ஃபீல்டரின் தவறு என்று குறித்தார், ஹிட் கணக்கில் சேரவில்லை. மறுநாள் செப்டம்பர் 30, நியூயார்க் மெட்ஸின் ஜான் மேட்லாக் பந்தில் டபுள் (இரண்டாவது பேஸ் வரை போன ஹிட்). 3,000. பார்க்க வந்திருந்தவர்கள் 13 ஆயிரத்துச் சொச்சம்தான். இதுவும் காலி நாற்காலிகளுக்கு முன்னால் நடந்த வரலாறு.

டிசம்பர் 23-ல் நிகராகுவாவின் மனாகுவாவில் பூகம்பம். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கிளமென்டே நிவாரணப் பொருள் திரட்டி அனுப்பினார். அங்கே அந்த நாட்டுச் சர்வாதிகாரி சமோசாவின் ஆட்கள் அதைச் சுருட்டுகிறார்கள் என்று செய்தி வந்தது. நானே கூடப் போனால் கைவைக்க மாட்டார்கள் என்று டிசம்பர் 31 இரவு விமானம் ஏறினார். பழைய டிசி-7, அளவுக்கு மீறின பாரம். சான் ஹுவானில் கிளம்பியதும் கடலில் விழுந்தது. உடல் கிடைக்கவே இல்லை. நண்பர் மேனி சாங்கியன் இரங்கல் கூட்டத்துக்குக்கூடப் போகாமல் முக்குளிப்பவர்களோடு கடலில் தேடிக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெற்று ஐந்து வருஷம் ஆனால்தான் பேஸ்பால் சாதனையாளர் பட்டியலான ஹால் ஆஃப் ஃபேம் என்ற விதியை அவருக்காகத் தளர்த்தி 1973 ஆகஸ்ட் 6-ல் சேர்த்தார்கள். கணக்கு 3,000-லேயே நின்றுவிட்டது. இப்போதைய மைதானத்தில் வலது பக்கச் சுவரின் உயரம் 21 அடி. அவருடைய சட்டை எண்.

---

ஆஃப்ஸ்பின் அன்பு எழுதியது:

இதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத வரல.

அந்த செப்டம்பர் 29 ஸ்கோரர் சமாச்சாரம் மட்டும் உறுத்துது. அதை ஹிட்டுனு குறிச்சிருந்தா 3,001 ஆகியிருக்குமா?

---

மூன்றுநதி எழுதியது:

அப்படிச் சொல்ல முடியாது அன்பு. 29-லேயே கிடைத்திருந்தால் 30-ம் தேதி அவர் இறங்காமல்கூட இருந்திருக்கலாம். 3,000 ஆனதும் பிளேஆஃப் முன்னிட்டு ஓய்வு எடுத்தார், அக்டோபர் 3-ல் சும்மா ஃபீல்டிங்குக்கு ஒரு தலைகாட்டல், அவ்வளவே.

---

திண்டுக்கல் தினா எழுதியது:

ரொம்ப கனமாயிடுச்சு. நான் ஒரு தேதி தரேன்: 1970 ஜூன் 12. மேலே கிருத்திகா சொன்ன அதே டாக் எல்லிஸ், சான் டியாகோவில் எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 2-0 என்று முடித்தார். எட்டு பேரை வாக் விட்டார் (நாலு கோணல் பந்து போட்டால் அடிக்காமலே முதல் பேஸ்), ஆனால் ஹிட் பூஜ்யம். பல வருஷம் கழித்து, அன்றைக்கு எல்எஸ்டி போதையில்தான் பந்து போட்டேன் என்று அவரே சொன்னார். பிறகு குடியையும் போதையையும் விட்டு, மீள்கிறவர்களுக்கு ஆலோசகராக வேலை பார்த்தார். வாழ்க்கை வரலாறு எழுதலாம்.

---

நியூஜெர்சி நாதன் எழுதியது:

போதையில் நோ-ஹிட்டர் போட்டவருக்குப் பதிவேட்டில் இடம் உண்டு. தெளிவாக 12 இன்னிங்ஸ் போட்டவருக்கு இல்லை. ஹார்வி ஹாடிக்ஸ் கதையை யாராவது சொல்லுங்கள். நான் சொன்னால் எதிரி வாய் என்பீர்கள்.

---

மூன்றுநதி எழுதியது:

1959 மே 26, மில்வாக்கி. கிரிக்கெட்காரர்களுக்காக: ஒரு பிட்சர் ஒன்பது இன்னிங்ஸில் 27 பேரையும் வரிசையாக, ஒருவரைக்கூட முதல் பேஸில் கால்வைக்க விடாமல் அவுட் ஆக்கினால் அது பெர்ஃபெக்ட் கேம். அபூர்வத்திலும் அபூர்வம். ஹாடிக்ஸ் அன்று 27 பேரையும் எடுத்தார். ஆனால் எங்கள் ஆட்கள் ஒரு ரன்கூட எடுத்துத் தரவில்லை! எதிரணி பிட்சர் லூ பர்டெட்டிடம் 12 ஹிட் எடுத்தும் ரன் பூஜ்யம். ஆட்டம் நீண்டது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு. 36 பேர் வந்தார்கள், 36 பேரும் அவுட்.

பதின்மூன்றாவது இன்னிங்ஸில் மூன்றாவது பேஸ் காவலர் டான் ஹோக் எறிந்த பந்து கோணலாகப் போனது. பெர்ஃபெக்ட் போச்சு. ஒரு பன்ட் (பந்தை மெல்லத் தட்டிவிடுவது), ஹாங்க் ஆரனுக்கு வேண்டுமென்றே ஒரு வாக், அடுத்து ஜோ ஆட்காக் வேலிக்கு வெளியே தூக்கிவிட்டார். பந்து தாண்டியதைக் கவனிக்காமல் ஆரன் பாதியில் கிளம்பிவிட, குழப்பத்தில் ஹோம் ரன் டபுளாகக் குறுகி 1-0 என்று முடிந்தது. 1991-ல் விதி வரையறையைத் திருத்தியபோது, முடிவில் ஒரு ஹிட் விட்டதால் அது நோ-ஹிட்டர் பட்டியலிலிருந்தும் போய்விட்டது. நாதன், இது ஒன்றில் நீங்களும் நானும் ஒரே கட்சி.

சோகத்துக்கு வந்துவிட்டதால் அதையும் சொல்லிவிடுகிறேன். 1992 அக்டோபர் 14, அட்லாண்டா. ஜெயித்தால் வேர்ல்டு சீரிஸுக்குப் போகலாம். ஒன்பதாவது இன்னிங்ஸ் கீழ்ப்பாதி வரை 2-0 முன்னிலை. இரண்டு அவுட், ஸ்கோர் 2-1, எல்லா பேஸிலும் ஆள். அந்த சீசனில் அதிகம் ஆடவே ஆடாத ஃபிரான்சிஸ்கோ கப்ரேரா இடது பக்கம் ஒரு சிங்கிள் தட்டினார். ஒரு ரன் வந்தது. இரண்டாவது பேஸிலிருந்து கிளம்பியவர் சிட் பிரீம், எங்கள் பழைய ஆட்டக்காரர், முழங்காலில் பல அறுவை சிகிச்சை ஆனவர், ஆமை வேகம். இடது பக்கம் பந்தை எடுத்தவர் பாரி பாண்ட்ஸ். எறிந்தார். கேட்சர் பந்தை வாங்கித் திரும்பி நீட்டுவதற்குள் பிரீமின் கால் பிளேட்டைத் தொட்டது. 3-2. கொஞ்சம் முன்னால் வந்து நில் என்று பாண்ட்ஸுக்குச் சைகை செய்தேன், கேட்கவில்லை என்று நடுப்பக்கம் நின்ற ஆண்டி வான் ஸ்லைக் பின்னாளில் சொன்னார்.

டிசம்பரில் பாண்ட்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோ போய்விட்டார். 1993-லிருந்து 2012 வரை வரிசையாக இருபது சீசன், ஒன்றில்கூடத் தோல்வியைவிட வெற்றி அதிகம் இல்லை. வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை விளையாட்டுகளில் எந்த அணிக்கும் இவ்வளவு நீண்ட வறட்சி இருந்ததில்லை. பிரீம் சறுக்கிய ராத்திரி பிறந்த குழந்தை கல்லூரிக்கே போய்விட்டது.

---

ஆஃப்ஸ்பின் அன்பு எழுதியது:

இருபது வருஷமா? அதுக்கப்புறமும் மைதானத்துக்கு ஆள் வந்தாங்களா?

---

மூன்றுநதி எழுதியது:

வந்தார்கள், ஓரளவுக்கு. 2001-ல் பிஎன்சி பார்க் என்று ஆற்றங்கரையில் புது மைதானம் கட்டினார்கள். பந்தைப் பார்க்காவிட்டாலும் பாலங்களையும் நகரத்தையும் பார்க்கலாம் என்று வந்தவர்கள் உண்டு. அதன் முதல் சீசன் ஆட்டம் ஏப்ரல் 9. அன்று காலையில்தான் வில்லி ஸ்டார்ஜெல் காலமானார், 1979 அணியின் தலைவர், எல்லோருக்கும் "பாப்ஸ்". இரண்டு நாள் முன்னால்தான் வாசலில் அவர் சிலையைத் திறந்திருந்தார்கள். ஜனங்கள் டிக்கெட்டோடு பூவும் வாங்கிக்கொண்டு வந்து சிலையடியில் வைத்துவிட்டு உள்ளே போனார்கள். ஆட்டத்திலும் 8-2 என்று தோல்வி.

வறட்சி முடிந்த தேதி 2013 செப்டம்பர் 9. டெக்ஸஸில் 1-0, அந்த சீசனின் 82-வது வெற்றி. ஆனால் ஊர் கொண்டாடுவது அக்டோபர் 1-ஐத்தான். சின்சினாட்டியோடு ஒற்றை ஆட்டம், தோற்றால் வீடு. கறுப்புச் சட்டையில் 40 ஆயிரம் பேர், எதிரணி பிட்சர் ஜானி குவேட்டோவின் பெயரை "குவே...ட்டோ" என்று ராகம் போட்டு இழுத்துக்கொண்டே இருந்தார்கள். நடுவில் அவர் கையிலிருந்து பந்து நழுவிக் கீழே விழுந்தது. அரங்கமே அதிர்ந்தது. அடுத்த பந்தில் ரஸ்ஸல் மார்ட்டின் ஹோம் ரன். 6-2 வெற்றி.

---

திண்டுக்கல் தினா எழுதியது:

இதே பைரேட்ஸ்தானே 2008-ல் நம்ம நாட்டுப் பசங்க இரண்டு பேரை எடுத்தது? ரிங்கு சிங், தினேஷ் படேல். உத்தரப் பிரதேசம், ஈட்டி எறிகிறவர்கள், ஒரு டிவி போட்டியில் தேறி அமெரிக்கா போனவர்கள். அந்த நவம்பரையும் சேருங்கப்பா.

---

மூன்றுநதி எழுதியது:

சேர்க்கலாம். அமெரிக்க பேஸ்பால் அணியோடு ஒப்பந்தம் போட்ட முதல் இந்தியர்கள். இருவருமே பெரிய லீக் வரை வரவில்லை, கீழ்நிலை அணிகளோடு முடிந்தது. ரிங்கு பிறகு மல்யுத்தத்துக்குப் போய் வீர் மகான் என்ற பெயரில் மேடையேறினார்.

---

பழைய ரேடியோ எழுதியது:

எனக்கு ஒரு சின்ன சந்தோஷம். பில் மசரோஸ்கியை ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்த விழா என்று நடந்தது என்று பாருங்கள்: 2001 ஆகஸ்ட் 5. என் ரேடியோ தேதி! மேடையில் பேச எழுந்தார், தொண்டை அடைத்துக்கொண்டது, இரண்டரை நிமிஷத்தில் பேச்சை விட்டுவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

என் ஓட்டை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் 1903-ஐ யாரும் தொடவே இல்லையே? தோல்வி என்று ஒரு வரியில் விட்டுவிட்டீர்கள்.

---

மூன்றுநதி எழுதியது:

நல்லவேளை நினைவுபடுத்தினீர்கள் ஐயா. ஒன்பது ஆட்டத் தொடர், 3-1 என்று முன்னிலையில் இருந்து, வரிசையாக நாலு தோற்றார்கள். பிட்சர் டீக்கன் ஃபிலிப்பி ஒருவரே ஐந்து ஆட்டம் முழுசாகப் போட்டார், வேறு ஆள் இல்லை. ஒருவருக்குக் காயம், ஒருவருக்கு மனநிலை சரியில்லை. ஆனால் முதலாளி பார்னி டிரைஃபஸ் தன் பங்கு வசூலையும் ஆட்டக்காரர்களுக்கே கொடுத்துவிட்டார். ஆக, தோற்ற பைரேட்ஸ்காரர் ஆளுக்கு 1,316 டாலர் வாங்கினார், ஜெயித்த பாஸ்டன்காரர் 1,182. பாஸ்டன் முதலாளி முகத்தை நினைத்துப் பாருங்கள்.

3-1 முன்னிலையைக் கோட்டைவிட்ட அணி, பிறகு 1925-லும் 1979-லும் 1-3 என்று பின்தங்கியிருந்து ஜெயித்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதுவரை ஓட்டு: 1960-க்கு நாதன், 1921-க்கு ஐயா, 1971 செப்டம்பருக்குக் கிருத்திகா. நான் கிருத்திகா பக்கம். 1960-ஐ நாங்கள் மறக்கவே முடியாது, ஊரே பிடித்து வைத்திருக்கிறது. செப்டம்பர் 1 அப்படி இல்லை, யாராவது எடுத்துச் சொன்னால்தான் தெரியும்.

---

ஆஃப்ஸ்பின் அன்பு எழுதியது:

என் ஓட்டு ஹாடிக்ஸுக்கு. 36 பேரை எடுத்தும் தோத்தவருக்கு இங்கயாவது ஒரு ஓட்டு விழட்டும்.

அடுத்த வருஷம் அக்கா வீட்டுக்கு அங்கே வரேன். பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோயில் மட்டும்தான் லிஸ்டில் இருந்தது. அந்தச் சுவரையும் சேர்த்துட்டேன்.

---

மூன்றுநதி எழுதியது:

தாராளமாக வா. கோயிலிலிருந்து காரில் சின்னத் தூரம்தான். ஒன்று மட்டும்: நிற்கிற சுவர் நடுப்பக்கச் சுவர். மசரோஸ்கியின் பந்து தாண்டிய இடம் அதற்குக் கொஞ்சம் தள்ளி, நடைபாதையில் செங்கல் கோடு போட்டுத் தகடு பதித்திருப்பார்கள். முக்கால்வாசிப் பேர் தவறான இடத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

---

நியூஜெர்சி நாதன் எழுதியது:

முடிப்பதற்கு முன் எங்கள் ஆளுக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். 1935 மே 25, அதே ஃபோர்ப்ஸ் ஃபீல்ட். பேப் ரூத் தன் கடைசி மூன்று ஹோம் ரன்களையும் அந்த ஒரே ஆட்டத்தில் அடித்தார். மூன்றாவது, அவருடைய 714-வது, வலது பக்கக் கூரையையே தாண்டிப் போனது. அதற்கு முன் அந்தக் கூரையை யாரும் தாண்டியதில்லை.

---

மூன்றுநதி எழுதியது:

சேர்த்தாயிற்று. ஆனால் அவர் அப்போது உங்கள் யாங்கீஸில் இல்லை, பாஸ்டன் பிரேவ்ஸில் இருந்தார். அன்றைக்கும் பைரேட்ஸ்தான் ஜெயித்தது, 11-7.